கை நீட்டினால் தொடலாம்

“ஞாயித்துக்கிழமை ட்ரிப்பை நிறுத்துங்க டாக்டர்.”

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லிவிடாதே என்று அக்னஸ் மிஸ் பஸ்ஸில் வரும்போதே எச்சரித்திருந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை, இறங்கும்போது இன்னொரு தடவை. “தேதியை மாத்தச் சொல்லு. ஆளைக் குறைக்கச் சொல்லு. நிறுத்துங்கன்னு மட்டும் சொல்லிடாத ராசாத்தி. அவர் ஆரம்பிச்ச எதையும் இதுவரைக்கும் யாரும் நிறுத்தச் சொன்னதில்ல.” நானும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டுதான் வந்தேன். பல் ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்ததும் வாயில் முதலில் வந்து நின்றது அதுதான்.

டாக்டர் தைரியராஜ் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கன்டோன்மென்ட்டில் பாதிப் பேருடைய கடைவாய்ப் பல் அவர் கையால் போனது. எங்கள் இயற்கைக் கழகத்துக்கு ரொம்ப வருடமாக அவர்தான் தலைவர். அக்னஸ் மிஸ் செயலாளர்.

“உட்காரும்மா,” என்றார். அந்த அறையில் இருந்தது ஒரே நாற்காலி, வாயைத் திறந்துகொண்டு படுக்கிற நாற்காலி. நான் நின்றேன்.

“எதுக்கு நிறுத்தணும்?”

“நீங்க கூட்டிட்டுப் போற மணல்திட்டுல ஆலா முட்டை வச்சிருக்கு.”

“அதைப் பார்க்கத்தானே போறோம்? நீ எடுத்த படத்தைப் பார்த்துட்டுத்தானே இத்தனை பேர் வராங்க? அவ்வளவு கிட்ட நீ போயிருக்க. அது பறக்கல. உன்னை விட்டுச்சு, எங்களை விடாதா?”

“நான் கிட்டப் போகவே இல்ல டாக்டர். கரைமேல நின்னேன்.”

அவர் சிரித்தார். பல் டாக்டருக்கு நல்ல பல்.

ஏப்ரல் வந்தால் கொள்ளிடத்தில் தண்ணீர் ஓரமாக ஒதுங்கிவிடும். நடுவில் மணல் மட்டும் வெள்ளையாகக் கிடக்கும். அங்கேதான் ஆற்று ஆலா முட்டையிடும். மஞ்சள் அலகு, கறுப்புத் தொப்பி, இரண்டாகப் பிரிந்த வால். கூடு என்று ஒன்றும் கட்டாது. மணலில் நெஞ்சை அழுத்தி ஒரு குழி செய்யும், அவ்வளவுதான். முட்டையும் மணல் நிறம். பக்கத்தில் போய் நின்றாலும் தெரியாது. மிதித்த பிறகு தெரியும்.

ஸ்ரீரங்கத்தில் பஞ்சக்கரை ரோட்டை ஒட்டிய கரையில் நின்று பார்த்தால், அந்தத் திட்டில் உட்கார்ந்திருக்கும் ஆலா சுண்ணாம்புப் புள்ளி மாதிரி இருக்கும். அதைப் பறவையாகப் பார்க்க ஸ்கோப் வேண்டும். ஒற்றைக் கண்ணால் பார்க்கிற, முக்காலியில் நிறுத்துகிற தொலைநோக்கி. கழகத்துக்கு யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ஒன்று, அக்னஸ் மிஸ்ஸின் பள்ளி லேபில், பாட்டிலில் மிதக்கும் தவளைக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. உறுப்பினர்கள் யாரும் அதைத் தொட்டதில்லை. அவர்களிடம் கைக்குழந்தை அளவுக்கு லென்ஸ் இருந்தது, தோளில் போட்டுத் தாலாட்டிக்கொண்டு வருவார்கள். “ஸ்கோப்ல பார்க்கலாம், படம் எடுக்க முடியாதும்மா,” என்றார்கள். அவர்கள் கேமராவால் முடியாது, உண்மைதான். அவர்கள் லென்ஸின் வாய் டிபன் தட்டு மாதிரி. ஸ்கோப்பின் கண் சட்டைப் பொத்தான் மாதிரி.

என்னுடையது பாக்கெட்டில் போகிற பழைய டிஜிட்டல் கேமரா. மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு ரிப்பேர் கடையில் வாங்கியது. வாங்கும்போது உள்ளே யாரோ ஒரு ஜோடி ஊட்டியில் குதிரைமேல் உட்கார்ந்திருந்தார்கள். அதன் லென்ஸ் சின்னது, ஸ்கோப்பின் கண்ணோடு சரியாக ஒட்டும். பிளம்பர் கடையில் ஒரு பைப் வளையம் வாங்கி, உள்ளே சைக்கிள் ட்யூப்பை வெட்டி ஒட்டி, இரண்டையும் கோத்துவிட்டேன். முதலில் வருவது கறுப்புக்கு நடுவில் ஒரு வட்டம், கிணற்றுக்குள்ளிருந்து வானத்தைப் பார்க்கிற மாதிரி. கேமராவில் கொஞ்சம் ஜூம் போட்டால் கறுப்பு ஓரத்துக்கு ஓடும். பட்டனைக் கையால் அழுத்தினால் ஆற்றையே யாரோ உலுக்கின மாதிரி படம் ஆடும். அதனால் டைமர் வைக்க வேண்டும். அழுத்திவிட்டுக் கையை எடுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குள் பறவை திரும்பிக்கொள்ளும், பறந்துவிடும், இல்லையென்றால் முதுகைக் காட்டிக்கொண்டு எச்சமிடும். நூறு எடுத்தால் ஒன்று தேறும்.

தேறின ஒன்றுதான் இந்தப் படம். வெயில் ஏறிய பிறகு ஆலா முட்டையைச் சூடாக்க உட்காராது, ஆற்ற உட்காரும். தண்ணீருக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்து முட்டைமேல் படுக்கும். படத்தில் ஒரு சிவப்புக் கால் தூக்கியிருக்கிறது. நெஞ்சு இறகில் துளிகள் தொங்குகின்றன. ஒரு துளி முட்டைமேல் விழப்போகிறது.

கழகத்தின் கண்காட்சியில் டாக்டர் அதைப் பெரிதாக்கி வாசலிலேயே மாட்டினார். ஓரத்தில் இருந்த கறுப்பு வளையத்தை வெட்டினார். “கரையிலிருந்து, ஸ்கோப் வழியாக” என்று நான் எழுதிக் கொடுத்த வரியையும் வெட்டினார். “டெக்னிக்கல் சமாசாரமெல்லாம் எதுக்கும்மா? பார்க்கிறவன் கண்ணு படத்துல இருக்கணும்.” அந்த இடத்தில் அவரே ஒரு தலைப்பு வைத்தார்: கை நீட்டினால் தொடலாம். வந்தவர்கள் எல்லோரும் கை நீட்டித்தான் பார்த்தார்கள். கடைசி நாள் மைக்கைப் பிடித்து, “நம்ம ஸ்ரீரங்கத்து ஆலா மனுசனுக்குப் பழகின ஆலா. வர ஞாயித்துக்கிழமை எல்லாரும் கேமராவோட வாங்க,” என்று அறிவித்தும் விட்டார்.

அதனால்தான் வந்து நின்றேன். பாக்கெட்டிலிருந்து கேமராவை எடுத்து, வெட்டாத படத்தை அவரிடம் காட்டினேன். “பாருங்க டாக்டர். இந்தக் கறுப்பு வட்டம் ஸ்கோப்போடது. வேணும்னா நாளைக்குக் காலைல கரைக்கு வாங்க, நின்ன இடத்தைக் காட்டுறேன்.”

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். நம்பவில்லை என்பது தெரிந்தது. அவருடைய லென்ஸ் எட்டாத தூரத்துக்கு என் பொம்மைக் கேமரா எட்டியது என்பதை அவரால் விழுங்க முடியவில்லை.

“சரி, ஸ்கோப்பாவே இருக்கட்டும். ஸ்கோப்பைக் கிட்ட வச்சு எடுத்திருப்ப.” கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். “இங்க பாரும்மா. நல்ல ஸ்பாட் கிடைச்சா தனக்கு மட்டும் இருக்கணும்னு எல்லா போட்டோகிராபருக்கும் தோணும். எனக்கும் தோணியிருக்கு. தப்பில்ல. ஆனா கழகம்னா பகிர்ந்துக்கணும்.”

“ஸ்பாட் ஆலாவோடது டாக்டர்.”

அக்னஸ் மிஸ் என் முழங்கையைக் கிள்ளினார். “டாக்டர், கரையிலயே நின்னு பார்த்துட்டு வந்துடலாமே? மணல்ல இறங்க வேணாம். ஸ்கோப்பை இவ கொண்டு வரட்டும். ஒவ்வொருத்தரா பார்க்கட்டும். அவங்களுக்கும் திருப்தி, பறவைக்கும் தொந்தரவு இல்ல.”

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். “சரி மிஸ். கரையிலயே நிக்கிறோம். சந்தோஷமா ராசாத்தி?” பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, “அடுத்த மாசம் ஆத்துப் பறவை சர்வே ஆரம்பிக்குது. பீல்டு வேலைக்கு உன் பேரைத்தான் சொல்லியிருக்கேன். இப்படி வெடுக்கு வெடுக்குனு பேசினா எப்படிம்மா டீம்ல இருப்ப?” என்றார்.

அந்த வேலை எனக்கு வேண்டும். விலங்கியல் எம்.எஸ்ஸி. படித்துவிட்டுத் தில்லைநகரில் மதியத்திலிருந்து ராத்திரி வரைக்கும் அடுத்தவர் ரத்தத்தைக் குழாயில் வாங்கி லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். உப்பிலியபுரத்தில் எங்கள் வகையறாவிலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா போனில் கேட்பது ஒன்றுதான்: “ஏம்மா, படிச்ச படிப்புக்கு ஏத்த வேலைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?” இருக்கிறது. அது டாக்டர் கையில் இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். படியிறங்கும்போது அக்னஸ் மிஸ், “பார்த்தியா, கேக்கிற விதத்துல கேட்டா நடக்குது,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு என்றார்கள். எட்டு மணிக்குத்தான் கார்கள் வந்து சேர்ந்தன. ஏறக்குறைய நாற்பது பேர். பாதிப் பேர் பட்டாளத்துக்குப் போகிற மாதிரி பச்சைப் புள்ளிச் சட்டை. ஒரு அம்மா பட்டுப் புடவை, பக்கத்தில் கல்யாணமாம், அப்படியே போய்விடுவாராம். வேனிலிருந்து பொங்கல் பொட்டலங்கள் இறங்கின. நான் விடிந்ததுமே வந்து ஸ்கோப்பை நிறுத்தியிருந்தேன். திட்டில் மொத்தம் ஏழெட்டு ஆலா முட்டைமேல் உட்கார்ந்திருந்தன. எனக்குப் பழக்கமானது ஓரத்தில் இருந்தது, வெள்ளத்தில் வந்து ஒதுங்கிய ஒரு காய்ந்த கிளைக்குப் பக்கத்தில். அந்தக் கிளை நிழலுக்காகத்தான் அது அங்கே குழி பறித்திருந்தது.

வரிசையில் நிற்கவைத்தேன். முதலில் பார்த்தவர் ஒரு பாங்க் மேனேஜர். கண்ணை வைத்ததும், “அடேங்கப்பா! இங்கயே இருக்கு!” என்றார்.

“இங்க இல்ல சார். அங்க இருக்கு.”

“எங்க?” தலையைத் தூக்கி வெறும் கண்ணால் பார்த்தார். மணல்தான் தெரிந்தது. திரும்பக் கண்ணை வைத்தார். “இருக்கே!” மறுபடி தலையைத் தூக்கினார். “காணோமே!”

எல்லோரும் அதையே செய்தார்கள். குனிந்தால் பறவை மூக்குக்கு நேராக, இமை மூடுவது வரைக்கும் தெரிகிறது. நிமிர்ந்தால் ஒன்றும் இல்லை. பட்டுப் புடவை அம்மா, “டிவி மாதிரில்ல இருக்கு,” என்று ஸ்கோப்பின் முன்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். ஒருவர் செல்போனை ஸ்கோப்பில் வைத்து எடுத்தார், கறுப்பாக வந்தது. “நமக்கு வரமாட்டேங்குதே, கொஞ்சம் கிட்டப் போனா போன்லயே வந்துடும்,” என்றார். லென்ஸ்காரர்கள் கரை ஓரத்தில் வரிசையாக நின்று சுட்டுப் பார்த்தார்கள். திரையில் பெரிதாக்கினால் எல்லோருக்கும் அரிசி அளவுதான் ஆலா. அவர்களுடைய முகத்தைப் பார்த்தேன். இல்லாத பசியை நானே கிளப்பிவிட்ட மாதிரி இருந்தது. ஸ்கோப்பை மடக்கிவிடலாமா என்று நினைத்தேன். வரிசையில் இன்னும் ஆள் இருந்தது.

டாக்டர் கடைசியாகக் குனிந்தார். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவே இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். நான் சொன்னது உண்மை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன். அதோடு நின்றிருக்கலாம்.

“ஒரு பத்தடி இறங்கிப் பார்க்கலாம்,” என்றார்.

“டாக்டர், கரையிலயே நிக்கிறோம்னு சொன்னீங்க.”

“கரைதாம்மா இதுவும். மணல் எங்க ஆரம்பிக்குதுன்னு கோடா போட்டிருக்கு?”

அவர் இறங்கியதும் எல்லோரும் இறங்கினார்கள். பத்தடி இருபதடியாகி, தண்ணீர் ஓடுகிற வாய்க்கால்வரை போனார்கள். முழங்கால் அளவுத் தண்ணீர். பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். நான் ஓடினேன். “வேணாம், நில்லுங்க, முட்டை இருக்கு!” என்று கத்தினேன். இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினார்கள், வா வா என்று. அதற்குள் திட்டிலிருந்து எல்லா ஆலாவும் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டன. தண்ணீர் ஓரத்தில் நின்றுவிட்டேன். நானும் போனால் அங்கே இன்னொரு ஆள், வேறொன்றும் இல்லை.

“டாக்டருக்குப் போன் பண்ணுங்க மிஸ்!” என்று கரையைப் பார்த்துக் கத்தினேன். அக்னஸ் மிஸ் போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையசைத்தார். டாக்டர் எடுக்கவில்லை. கேமராவைப் பிடித்த கை போனை எடுக்காது.

திரும்பி ஓடிவந்து ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். வைக்காமல் இருந்திருக்கலாம். கரையிலிருந்து பார்த்தால் அது பிக்னிக். ஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொரு ஷூவும் தெரிந்தது. ஒரு ஷூவுக்கும் ஒரு குழிக்கும் நடுவில் எவ்வளவு மணல் என்று தெரிந்தது. ஆலாக்கள் தலைக்கு மேலே வந்து வந்து பாய்ந்தன. அவர்கள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பறவை விளையாடுகிறது என்று நினைத்திருப்பார்கள். சிரிப்புச் சத்தம் இங்கே கேட்கவில்லை, பல் மட்டும் தெரிந்தது. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பைப் வளையத்தை எடுத்துக் கேமராவை மாட்டினேன்.

டைமரை வைத்து அழுத்தினேன். கையை எடுத்தேன். காத்திருந்தேன். மறுபடி அழுத்தினேன்.

டாக்டர் காய்ந்த கிளைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். முட்டை அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. லென்ஸைத் தூக்கினார், இறக்கினார். கிளை மறைத்தது போல. கையை நீட்டி, அதை எடுத்து, பின்னால் போட்டார். ரொம்ப மெதுவாக, பக்குவமாகச் செய்தார், ஒருவருக்குப் பல் பிடுங்குகிற மாதிரி. அது படத்தில் விழுந்தது. முகம், கை, கிளை, முட்டை எல்லாம் ஒரே படத்தில். சிரித்த முகம்.

அந்த ஆலா தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்தது. இறங்க இடமில்லை. சுற்றிச் சுற்றிப் பறந்தது. நனைத்த வயிறு காற்றிலேயே காய்ந்துபோனது. திரும்பப் போய் நனைத்துக்கொண்டு வந்தது. மறுபடி சுற்றியது. அதைப் படம் எடுக்க முடியவில்லை, பறப்பதை ஸ்கோப்பில் பிடிக்க முடியாது. பார்க்கத்தான் முடியும். எத்தனை தடவை போய் வந்தது என்று எண்ணவில்லை. மணல் கண் கூசுகிற அளவுக்குக் காய்ந்திருந்தது.

அவர்கள் எழுந்து திரும்பியபோது ஒரு காக்கா அவர்கள் பின்னால் இறங்கியது. மனிதர்கள் மணலில் போனால் என்னமோ கிடைக்கும் என்று காக்காவுக்குத் தெரியும். கிளை இல்லாத குழி அதற்குத் தூரத்திலேயே தெரிந்திருக்கும். ஒரு முட்டையைக் குத்தித் தூக்கிக்கொண்டு போனது. அதுவும் படத்தில் இருக்கிறது.

கரையேறியதும் எல்லோரும் பொங்கலைப் பிரித்தார்கள். டாக்டர் தன் திரையை என்னிடம் காட்டினார். “பாரு, முட்டை எவ்வளவு ஷார்ப்பா வந்திருக்கு! யாரும் எதையும் மிதிக்கல. நான்தான் வழி பார்த்துப் பார்த்துக் கூட்டிட்டுப் போனேன்.”

“கிளையை எதுக்கு எடுத்தீங்க?”

“எந்தக் கிளை?”

“அதுக்கு நிழலுக்கு இருந்த கிளை. நீங்க எடுத்தது, தூக்கிப் போட்டது, காக்கா வந்தது, எல்லாம் எங்கிட்ட படமா இருக்கு டாக்டர்.”

பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் நிமிர்ந்தார்கள். டாக்டர் சிரித்துக்கொண்டே, “பொங்கல் வாங்கிக்க, ஆறிடப்போகுது,” என்றார்.

மதியம் ரூமுக்கு வந்து மெஸ் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்து எழுதினேன். ரூமில் கூட இருக்கும் பெலிண்டா பூசைக்குப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றினாள். முசிறிப் பக்கத்துப் பெண், பாங்க் பரீட்சைக்குப் படிக்கிறாள், என் பறவைகளை அவளுக்கு அறவே பிடிக்காது.

“யாருக்குடி லவ் லெட்டர்?”

“மாவட்ட வன அலுவலருக்கு.”

“வயசானவரா இருப்பாரேடி.” எட்டிப் பார்த்துப் படித்தாள். சிரிப்பு நின்றது. “முட்டையைக் கலைச்சா வேட்டையா? நெசமாவா?”

“சட்டத்துல அப்படித்தான் இருக்கு. காட்டுப் பறவை முட்டையைக் கெடுக்கிறதும், கூட்டைக் கலைக்கிறதும் வேட்டைதான்.”

“அப்ப துப்பாக்கி வச்சுச் சுட்டாத்தான்னு இல்ல?”

“இல்ல.”

“உனக்கு அந்த சர்வே வேலை?”

“தெரியல.”

“தெரியலையா? நல்லாத் தெரியும்டி உனக்கு.” கட்டிலில் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஏன்டி முதல் வரியிலேயே உன் பேரு இருக்கு? நீ புகார் கொடுக்கிறவளா, புகாருல இருக்கிறவளா?” என்றாள்.

“ரெண்டும்.”

திங்கள்கிழமை காலையில் டாக்டர் போன் செய்தார். ஸ்கோப்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். போனேன். அக்னஸ் மிஸ் பள்ளியில் பெர்மிஷன் சொல்லிவிட்டு வந்திருந்தார். இரவெல்லாம் தூங்காத கண். ஸ்கோப்பை உறையோடு மேசைமேல் வைத்தேன்.

“கேமராவில இருக்கிற கார்டையும் கொடுத்துடு,” என்றார் டாக்டர்.

“எதுக்கு?”

“கழகத்து ஸ்கோப்ல எடுத்த படம். கழகத்துக்குச் சொந்தம்.”

“ஸ்கோப் கழகத்தோடது. கேமரா என்னோடது. கண்ணும் என்னோடது.”

“ராசாத்தி,” என்றார் மிஸ், மெதுவாக.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அந்தச் சாய்வு நாற்காலியின் ஓரத்தில் அவரே உட்கார்ந்துகொண்டார். “ஒரு குச்சிம்மா. எடுத்தது தப்புதான். தெரியாமப் பண்ணிட்டேன், ராத்திரியெல்லாம் அதையே நினைச்சுக்கிட்டிருந்தேன். நான் பறவைகளுக்காக எவ்வளவு பண்ணியிருக்கேன்னு மிஸ்ஸைக் கேளு. அந்த ஒரு படம் வெளிய போனா அத்தனையும் போச்சு. நான் என்ன வேட்டைக்காரனா?”

அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

“ஒண்ணு செய்யலாம். இனிமே கூட்டுப் பக்கம் யாரும் போகக்கூடாதுன்னு கழகத்துல தீர்மானம் போடுவோம். அதுக்கு உன்னையே பொறுப்பாப் போடுறேன். சர்வே வேலையும் உனக்குத்தான், அதுல மாத்தமே இல்ல. போதுமா?”

அக்னஸ் மிஸ் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் கெஞ்சல் இருந்தது. திட்டில் மீதி ஆறேழு குழிகள் இருக்கின்றன. தீர்மானம் வந்தால் அவை பிழைக்கும். நான் அதைத்தானே கேட்டேன்? ஒரு நிமிடம், உள்ளதைச் சொல்கிறேன், கை பாக்கெட்டுக்குப் போனது.

“எப்பலேருந்து டாக்டர்?”

“என்ன எப்பலேருந்து?”

“தீர்மானம்.”

“அடுத்த மாசக் கூட்டத்துல போட்டுடுவோம்.” கொஞ்சம் தயங்கினார். “வர ஞாயித்துக்கிழமை மெட்ராஸ்லேருந்து ஒரு க்ரூப் வருது. முன்னாடியே வாக்குக் கொடுத்துட்டேன். சின்ன க்ரூப்தான். அது ஒண்ணு முடிஞ்சதும் நிறுத்திடுவோம்.”

கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தேன். வெறும் கை.

“நேத்தே எழுதிட்டேன் டாக்டர். வன அலுவலகத்துக்கு. திட்டுக்கு யாரும் போகாம ஆள் போடச் சொல்லி. படங்களோட.”

அவர் எழுந்தார். “கொடுத்துட்டியா?”

“இங்கேருந்து நேரா அங்கதான் போறேன்.”

“கேளு ராசாத்தி.” மிஸ் என் கையைப் பிடித்தார். அவர் கை ஜில்லென்றிருந்தது. “கொடுத்தா உன் பேரும் வரும். ஸ்கோப்பை வச்சு வரிசைல நிக்க வச்சு எல்லாருக்கும் காட்டினது நீ. கூட்டிட்டு வந்தவங்கள்ல நீயும் ஒருத்தி. அவங்க உன்னையும்தான் விசாரிப்பாங்க. படிப்புக்கு ஏத்த முதல் வேலையே இன்னும் கிடைக்கல உனக்கு.”

“முதல் பேரு என்னோடதுதான் மிஸ். காட்டினது நான்னு அதுலயே எழுதியிருக்கேன். ரெண்டாவது பேரு டாக்டரோடது.”

“என் பேரு?”

“கரையிலயே நின்னீங்கன்னு எழுதியிருக்கேன். போன் பண்ணினீங்கன்னும் எழுதியிருக்கேன்.”

அவர் கையை விட்டார். பிடித்த இடத்தில் ஈரமாக இருந்தது.

“நீ போனா அந்த சர்வே வேலையை மறந்துடு,” என்றார் டாக்டர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “திருச்சியில எந்தப் பறவை வேலையும் உனக்குக் கிடையாது. பார்த்துக்க.”

“சரிங்க டாக்டர்.”

கதவைத் திறந்தேன். வெளியே பெஞ்சில் கன்னத்தில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். “டாக்டர் இருக்காரா? எப்ப கூப்பிடுவாங்க?” என்று பாதி வாயால் கேட்டார்.

“இருக்காருக்கா. நீங்க உள்ள போங்க.”

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். வன அலுவலகத்துக்குப் போகிற பஸ் எதிர்ப் பக்கத்தில்தான் நிற்கும். ரோட்டைத் தாண்டினேன்.